மாடிப்படிக்கு அடியில் ஒரு மீன் சட்டி

அன்புள்ள கார்த்திக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே எல்லாரும் நலம். போனில் நீ கேட்டதற்கு அன்றைக்கே பதில் சொல்லியிருப்பேன். உன் அப்பா பக்கத்தில் டிவியைச் சத்தமாக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அறையில் கூட இருக்கிற பையன் ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகிறான், செவ்வாய்க்கிழமை அனுமார் கோயிலுக்கும் போகிறான், "இவன் எந்தப் பக்கம்மா?" என்றாய். வேளாங்கண்ணிக்கு நேர்ந்துகொண்டு மொட்டை போட்டாளே உன் சித்தி, அவள் எந்தப் பக்கம்?

நான் செய்த ஒரு காரியத்தை உனக்குச் சொன்னதில்லை. நீ ஹாஸ்டலில் இருந்தபோது மாடியை மேற்கு வங்காளத்து மால்டாவிலிருந்து வந்த வங்காளிக் குடும்பத்துக்கு வாடகைக்கு விட்டோம். அந்த அம்மாவுக்கு இங்கே சி.எம்.சி. ஆஸ்பத்திரியில் வைத்தியம். மகன் பூணூல் போட்டிருந்தான். ஐயர் வீட்டு ஆட்கள், சமையலில் தொந்தரவு இருக்காது என்று வாடகையில் இருநூறு ரூபாய்கூடக் குறைத்தேன். மூன்றாம் நாள் கடுகெண்ணெய் வாசனை படியிறங்கி வந்தது. மேலே போய்ப் பார்த்தால், மஞ்சள் தடவிய ரோகு மீன் துண்டுகள் வாணலியில் சடசடவென்று பொரிகின்றன. "பூணூல் போட்டுக்கிட்டு மீனா?" என்று கத்திவிட்டேன். அந்த அம்மாவுக்குத் தமிழ் தெரியாது, ஆனால் என் முகம் புரிந்திருக்கும். கரண்டியைக் கீழே வைத்துவிட்டார்.

சாயங்காலம் மகன் வந்து, அரைகுறைத் தமிழில் பொறுமையாகச் சொன்னான். அவர்கள் பக்கத்தில் பிராமணர்களும் மீன் சாப்பிடுவார்களாம். கல்யாணத்தில் மாப்பிள்ளை வீட்டார் முழு மீனைச் சிங்காரித்துப் பெண் வீட்டுக்கு அனுப்புவார்களாம். அதைக்கூட விடு. அந்த அம்மா கணவரை இழந்தவர். மீனை வாயில் வைப்பதில்லை. வெங்காயம், பூண்டு, மசூர் பருப்புகூடத் தொடுவதில்லை. உடம்பு முடியாமல் நின்றபடி மகனுக்காகப் பொரித்துக்கொண்டிருந்தார். ரசத்துக்குப் பூண்டு தட்டிப் போடுகிறவள் நான், அவரிடம் போய் ஆசாரம் பேசியிருக்கிறேன்!

மறுநாள் சட்டி ஒன்று வாங்கி மாடியில் வைத்தேன். வாசனை எனக்கு இன்றுவரை பிடிக்கவில்லை, அது வேறு.

நம் வேலூர்க் கோட்டையையே பார். ஒரே மதிலுக்குள் கோயில், மசூதி, சர்ச். பல நூறு வருஷம் பூஜையில்லாமல் கிடந்த ஜலகண்டேஸ்வரர் கோயிலில் 1981-ல் சத்துவாச்சாரியிலிருந்து லிங்கத்தைக் கொண்டுவந்து வைத்தார்கள். நான் அப்போது ஏழாவது படிக்கிறேன், கூட்டத்தில் செருப்பு போய்விட்டது. சர்ச்சில் ஞாயிறு ஆராதனை உண்டு. மசூதியில் மட்டும் தொழுகை கிடையாது. எனக்கு அது நியாயமாகப் படவில்லை. அதற்காகக் கோயிலைப் பூட்டு என்று சொல்லவும் வாய் வராது. பிரதோஷத்துக்குப் போகும்போதெல்லாம் இந்த உறுத்தலும் கூடவே வரும், கும்பிட்டுவிட்டுத்தான் வருகிறேன். இதே கோட்டையில்தான் வெள்ளைக்காரன் சிப்பாய்களை நெற்றிக்குறி வைக்காதே, தாடியை எடு, புதுத் தலைப்பாகை கட்டு என்று ஒரே அச்சில் வார்க்கப் பார்த்தான். 1806 ஜூலை 10 விடியும் முன்னே துப்பாக்கி வெடித்தது.

மாடியில் இப்போது திரிபுராக்காரர்கள் இருக்கிறார்கள். மீன் சட்டி மாடிப்படிக்கு அடியில்தான் இருக்கிறது, கேட்டால் எடுத்துக் கொடுப்பேன்.

பொங்கலுக்கு அந்தப் பையனையும் கூட்டி வா. முள்ளுக் கத்திரிக்காய் குழம்பு வைக்கிறேன். வேறு என்ன சாப்பிடுவான் என்று முன்னாடியே கேட்டுச் சொல். நீங்கள் வருகிற நாள் செவ்வாய்க்கிழமையா என்பதையும் பார்த்துக்கொள்.

அம்மா