திரையை விலக்கச் சொல்லுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

கொரோனா ஊரடங்கைப் பற்றி எழுதும்போது வேலை போனதையும் பள்ளி மூடியதையும் எழுதுகிறோம். தூக்கம் போனதை எழுதுவது குறைவு. அதனால் இந்தக் கடிதம்.

2020-இல் வீட்டிலிருந்தே கணக்கு வேலை பார்த்தேன். மேசை மகளின் இணைய வகுப்புக்குப் போய்விட்டதால் கட்டில்தான் எனக்கு அலுவலகம். மடிக்கணினியின் திரையில் வெயில் பட்டால் எழுத்து தெரியாது என்று ஜன்னல் திரையை எப்போதும் மூடியே வைத்திருந்தேன். முதல் வாரம் சுகமாகத்தான் இருந்தது. அப்புறம் படுக்கும் நேரம் பதினொன்று, ஒன்று, மூன்று என்று தள்ளிப்போனது. எட்டு மணி நேரம் படுத்துக் கிடந்தாலும் அசதி தீரவில்லை. எல்லாம் கவலையால் வருவது என்றே நினைத்தேன்.

கவலையும் இருந்தது, சரி. ஆனால் பெரும்பாலானோருக்கு உடலின் கடிகாரம் 24 மணி நேரத்தைவிடச் சற்று மெதுவாகச் சுற்றுகிறது. காலை வெளிச்சம் கண்ணில் பட்டால்தான் அது அன்றன்று நேராகும். வெளிச்சத்தை லக்ஸ் என்ற அலகில் அளக்கிறார்கள்; வீட்டுக்குள் விளக்கு தருவது சில நூறு லக்ஸ்தான். மேகம் மூடிய பகலில்கூட வெளியே பல ஆயிரம் லக்ஸ் இருக்கும். 1962-இல் பிரான்சைச் சேர்ந்த நிலவியலாளர் மிஷேல் சிஃப்ர் கடிகாரம் இல்லாமல் ஒரு குகைக்குள் இரண்டு மாதம் தங்கினார். வெளியே வந்த நாள் செப்டம்பர் 14. அவர் கணக்கில் அன்று ஆகஸ்ட் 20! படித்ததும் என் அறைதான் கண்முன் வந்தது.

விடிந்ததும் எழுந்து அரை மணி நேரம் ஜன்னலோரம் உட்கார ஆரம்பித்தேன். மடிக்கணினியைக் கட்டிலை விட்டு இறக்கினேன். இரவில் தூக்கம் வராவிட்டால் புரண்டுகொண்டிருக்காமல் எழுந்துவிடுவேன். பழைய தூக்கம் திரும்ப மூன்று வாரம் ஆனது.

என் மாமியாருக்கு அப்போது 78 வயது. மாலை நடை நின்றதிலிருந்து பகலெல்லாம் கண்ணயர்ந்துவிட்டு, இரவெல்லாம் இருட்டில் தனியாக விழித்திருந்தார். வயதானால் அப்படித்தான் என்று விட்டுவிட்டோம். அவருடைய நாற்காலியை ஜன்னல் பக்கம் நகர்த்தியிருக்கலாமே என்று இன்றைக்கும் மனம் அடித்துக்கொள்கிறது.

கை கழுவுங்கள், முகக்கவசம் அணியுங்கள் என்று அந்த நாட்களில் பத்திரிகையில் கட்டம் கட்டிப் போட்டதைத் திரும்பத் திரும்பப் படித்தோம். இனி எப்போதாவது மக்கள் வீட்டுக்குள் அடைபட நேர்ந்தால், அதே கட்டத்தில் இன்னும் இரண்டு வரி சேருங்கள்: தினமும் ஒரே நேரத்தில் எழுந்து ஜன்னல் திரையை விலக்குங்கள், வீட்டுப் பெரியவர்களைப் பகலில் வெளிச்சத்தில் உட்கார வையுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி