‘ரோபோ’ என்ற பட்டப்பெயரும் முறைப்பாட்டு மேசையும்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

ஏ9 வீதியில் வாகனத்தை மறித்து, சாரதியிடம் ஒரு வார்த்தையும் பேசாமல் தண்டச் சீட்டை எழுதிக் கொடுக்கும் பொலிஸாரை எங்கள் ஊர் இளைஞர்கள் ‘ரோபோ’ என்றும் ‘மெஷின்’ என்றும் அழைக்கின்றனர். பட்டப்பெயர் வைப்பது வன்னிக்குப் புதிதல்ல. ஆயினும் இந்தப் பெயர் யாருடைய குறையைச் சுட்டுகிறது என்பதை நாம் சரியாக விளங்கிக்கொள்ளவில்லை என்ற கவலையால் இதை எழுதுகிறேன்.

தென்னாபிரிக்காவில் வீதிச் சமிக்ஞை விளக்கை இன்றும் ‘ரோபோட்’ என்கிறார்கள்; சந்தியில் கைகாட்டி நின்ற பொலிஸ்காரரின் வேலையை விளக்கு ஏற்றபோது அதை ‘ரோபோட் பொலிஸ்காரர்’ என்று அழைத்ததன் மிச்சம் அது. ஆங்கிலேயர் வேகத்தடைக்கு ‘உறங்கும் பொலிஸ்காரர்’ என்று பெயர் வைத்தனர். அங்கெல்லாம் பொருளுக்கு மனிதப் பெயர் கிடைத்தது. இங்கே மனிதருக்குப் பொருளின் பெயர் கிடைத்திருக்கிறது. செக் எழுத்தாளர் காரெல் சாப்பெக் 1920இல் எழுதிய நாடகத்தால் பரவிய இச்சொல்லின் வேரான ‘ரொபோட்டா’, குடியானவர் பிரபுவுக்குச் செய்த கட்டாய வேலையைக் குறித்தது. ஒல்லாந்தர் காலத்தில் நம்மவர் செய்த ‘ஊழியம்’ ஏறக்குறைய அதுவே.

எனது நாம்பன் ஒன்று களவுபோனபோது பொலிஸ் நிலையம் ஒன்றுக்குச் சென்றேன். உத்தியோகத்தர் தலை நிமிராமல் ‘நம?’ என்றார், பெயரைச் சொன்னேன். ‘கம?’ என்றார், ஊரைச் சொன்னேன். பிறகு, வாங்கில் காத்திருந்த முச்சக்கரவண்டிச் சாரதி ஒருவர் மொழிபெயர்க்க, சிங்களத்தில் ஒரு பக்கம் எழுதி முடித்து, தாளை என் பக்கம் திருப்பி, ‘அத்ஸன் கரன்ன’ என்று ஒப்பமிடும் இடத்தை விரலால் காட்டினார். மாட்டின் நெற்றிச் சுட்டியும் குறியும் அதில் எழுதப்பட்டனவா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. “அந்த ரோபோவிட்டயோ ஐயா குடுத்தனீங்கள்?” என்று வாசலில் நின்ற பொடியன் ஒருவன் கேட்டபோது நானும் ஆமோதித்தேன்.

இரண்டு கிழமைக்குப் பின் சந்தைக்கு முன்னால் அதே உத்தியோகத்தர் என்னைக் கண்டு மோட்டார் சைக்கிளை நிறுத்தி, “ஐயா, மாடு ஆவாத?” என்று, மாடு வந்துவிட்டதா எனப் பாதித் தமிழிலும் பாதிச் சிங்களத்திலும் கேட்டார். இல்லையென்று தலையசைத்தேன். மேலும் ஏதோ சொல்ல வாயெடுத்தவர், சொல் வராமல், என் தோளைத் தொட்டுவிட்டுப் போனார். அந்தப் பட்டப்பெயரை அதன்பின் நான் சொன்னதில்லை.

தமிழும் அரசகரும மொழி என்று 1987இல் அரசியலமைப்பின் 13ஆவது திருத்தம் கூறியிருக்க, தமிழ் அறியாத ஒருவரை எங்கள் ஊர் முறைப்பாட்டு மேசையில் இருத்தியவர்களே இதற்குப் பதில் சொல்ல வேண்டும். வன்னியின் ஒவ்வொரு பொலிஸ் நிலையத்திலும் முறைப்பாட்டைத் தமிழில் எழுதக்கூடிய ஒருவர் இரவு பகலாகக் கடமையில் இருக்க ஒழுங்கு செய்யுமாறும், அதுவரையில் ஒப்பம் கேட்கும் எந்தத் தாளையும் முதலில் தமிழில் வாசித்துக் காட்டுமாறும் உரிய அதிகாரிகளைத் தங்கள் பத்திரிகை வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்,
மாங்குளம்.