குடியிருப்போர் நலச் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை (2024–25)

தலைவருக்கும் நிர்வாகக் குழுவினருக்கும் வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். வராதவர்களுக்கும் வணக்கம், அறிக்கை வாட்ஸ்அப்பில் வரும், அதையாவது பார்க்கவும்.

சுதந்திர தினக் கொடியேற்றம், கண் பரிசோதனை முகாம், பொங்கல் கோலப்போட்டி வழக்கம்போல் நடந்தன. ஃபெஞ்சல் புயலில் 2 மரங்கள் சாய்ந்தன, அகற்றியாயிற்று.

இனி நடைபாதை. மனை பிரித்தபோது பூங்காவுக்கென விட்ட இடம் முள்ளும் குப்பையுமாகக் கிடந்ததையும், அதைச் சுற்றி நடக்கவும் சைக்கிள் ஓட்டவும் பாதை போடலாம் என்று நான் 3 வருடமாகக் கத்தியதையும் அறிவீர்கள். பேவர் பிளாக் பதிக்கச் சொன்னவர்கள் பலர். கிராவல் போதும் என்றேன்: முட்டிக்கு இதம், மழைத் தண்ணீர் உள்ளே இறங்கும், செலவும் குறைவு. மழையில் இரண்டு இடங்கள் சேறாகின, மறுக்கவில்லை. மண் கொட்டச் சொல்லியிருக்கிறேன்.

பாதையின் நீளத்தை நானே அளந்தேன். பழைய சைக்கிளின் பின் டயரில் சாக்பீஸ் கோடு போட்டு, உருட்டிக்கொண்டே எண்ணினேன். கோடு ஒரு முறை தரைக்கு வந்தால் 2.2 மீட்டர், 291 முறை வந்தது. ஆக 640 மீட்டர். அரசு 2023 நவம்பரில் தொடங்கிய ‘நடப்போம் நலம் பெறுவோம்’ பாதைகள் 8 கி.மீ. நீளம், இங்கே பன்னிரண்டரை சுற்று வந்தால் அதே கணக்கு. இதுவரை முடித்தவர் 74 வயது அம்மா ஒருவர்தான்.

பைக்குகள் குறுக்கே புகுந்ததால் வாசலில் வளைவுக் கம்பி வைத்தோம். பைக் நின்றது, சரி. சக்கர நாற்காலியும் நின்றுவிட்டது. ஒரு பெரியவரை வாசலிலிருந்தே திருப்பி அழைத்துப் போனார்கள். அது என் தவறு. மறுநாளே ஒரு கம்பியை அறுத்தோம். இப்போது ஸ்கூட்டி ஒன்று தினமும் வருகிறது, யாருடையது என்று தெரியும்.

ஓரத்தில் சீக்கிரம் வளரும் கோனோகார்பஸ் என்ற வெளிநாட்டு மரத்தை வைக்கலாம் என்றார்கள். நான் புங்கையும் பூவரசும்தான் என்று நின்றேன். 2025 ஜனவரியில் அரசே கோனோகார்பஸைத் தடை செய்தது. அன்று என்னைக் கேலி செய்தவர்கள் அப்புறம் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

சந்தா ரூ.1,200. 118 வீடுகளில் 71 வீடுகள் கட்டியுள்ளன. ஒரு நாள் காலை ஐந்தரைக்குப் பாதையில் இருந்த 14 பேரில் 9 பேர் பாக்கி உள்ளவர்கள். பெயர் சொல்லப் போவதில்லை. என்னைக் கண்டால் அவர்கள் வேகம் கூட்டுகிறார்கள், உடம்புக்கு நல்லதுதான்.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். பெரும்பகுதி கிராவலுக்கும் விளக்குகளுக்கும் போனது. சில ரசீதுகள் வர வேண்டியுள்ளன. கையிருப்பு சொல்லிக்கொள்ளும்படி இல்லை.

ஒத்துழைத்த தலைவருக்கும், துப்புரவுப் பணியாளர்களுக்கும், தேநீர் தந்த வீட்டாருக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு சைக்கிளுக்குத் தனிக்கோடு, நாலு பெஞ்சு, வாசலில் சாய்தளம் போட எண்ணம். நிதி வந்தால். மகள் பெங்களூருக்கு வரச் சொல்லிக்கொண்டே இருக்கிறாள். பூங்கா கேட்டின் சாவி என்னிடம் இருக்கிறது. காலை ஐந்து மணிக்குத் திறக்க யாராவது முன்வந்தால் கூட்டம் முடிந்ததும் வாங்கிக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
செயலாளர்