அண்டியாபீஸ் பெண்களுக்கு ஓர் ஆய்வு மையம்

ஆசிரியர் அவர்களுக்கு,

கன்னியாகுமரி மாவட்டம் ராஜாக்கமங்கலத்தில் மனோன்மணீயம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் கடல்சார் அறிவியல் மையம் இருக்கிறது. மீனையும் இறாலையும் ஆராயட்டும், தேவையான வேலைதான். இதே மாவட்டத்தின் முந்திரி ஆலைகளில், எங்கள் வழக்கில் அண்டியாபீஸில், உழைக்கும் பெண்களின் உடல்நலத்தை ஆராய ஒரு மையம் வேண்டாமா? தோட்டை உடைக்கும்போது கசியும் எண்ணெய் விரல்களைப் புண்ணாக்கும். சாம்பலைப் பூசிக்கொண்டு வேலையைத் தொடர்வார்கள். என் அம்மா முப்பது ஆண்டுகள் அப்படிக் குத்தவைத்து உட்கார்ந்தவர். கர்ப்பப்பை இறங்கியதை ஐந்து வருடம் யாரிடமும் சொல்லவில்லை. கேட்டபோது, "எல்லாப் பெண்ணுக்கும் உள்ளதுதானே" என்றார்.

ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரியும் பல்கலைக்கழகமும் சேர்ந்தே இதைத் தொடங்கலாம். கருப்பைவாய்ப் புற்றுநோய்க்கு முக்கியக் காரணம் ஹெச்.பி.வி. வைரஸ். அதற்குத் தடுப்பூசி உண்டு, முன்கூட்டியே கண்டறியும் சோதனையும் உண்டு. இதை ஆலை வாசலுக்கே வந்து எங்கள் பேச்சில் சொல்ல அந்த மையத்து மாணவியர் வரவேண்டும். இன்னொன்று, ஞாயிற்றுக்கிழமையும் திறந்திருக்க வேண்டும். மற்ற நாளில் போனால் அன்றைய கூலி போய்விடும்.

ஒரு வாசகி,
கருங்கல்