வேர் என்று நான் சொன்னது தவறு

அன்பு மகளுக்கு,

இங்கே நானும் உன் அம்மாவும் நலம். தொலைபேசியில் பேசும்போது உனக்கு நேரம் இருப்பதில்லை, எனக்குச் சொல்ல வந்தது நினைவில் நிற்பதில்லை. அதனால் இதைக் கடிதமாகவே எழுதிவிடுகிறேன்.

பத்து நாட்களுக்கு முன்பு நாங்கள் இருவரும் தாவரவியல் பூங்காவுக்குப் போய் வந்தோம். கோடை விடுமுறையை ஒட்டி, மனிதர் உண்ணும் தாவரங்களுக்கென்றே ஒரு நாளை அங்கே ஒதுக்கியிருந்தார்கள். வெயிலுக்கு அஞ்சி மறுத்த என்னை உன் அம்மாதான் இழுத்துக்கொண்டு போனாள். மாலையில், கால் வலிக்கிறது, வீட்டுக்குப் போகலாம் என்று அவள் மூன்று முறை சொன்ன பிறகும் நகராமல் நின்ற என்னைத் திரும்ப இழுத்துக்கொண்டு வந்தவளும் அவள்தான்.

அங்கே பார்த்ததைச் சொல்லும் முன், உனக்கு நான் பட்டிருக்கும் ஒரு பழைய கடனைத் தீர்த்துவிட வேண்டும். நீ இரண்டாம் வகுப்பில் படித்தபோது, நிலக்கடலைச் செடியை வரைந்து வரச் சொல்லியிருந்தார்கள். காயை எங்கே வரைய வேண்டும் என்று நீ கேட்டாய். நான் செய்தித்தாளிலிருந்து தலையை நிமிர்த்தாமலேயே, "வேரில் வரை, வேர்க்கடலை என்று பெயரிலேயே இருக்கிறதே" என்றேன். நீ வேரின் முனைகளில் ஒவ்வொன்றாகக் கடலையை வரைந்து பழுப்பு வண்ணம் தீட்டினாய். பள்ளியிலும் அதைச் சரி என்று குறியிட்டுக் கொடுத்துவிட்டார்கள் என்பதால் அந்தத் தவறு இத்தனை ஆண்டுகளாக வெளியே வரவில்லை.

பூங்காவில் நிலக்கடலைக்கென்று ஒரு சிறு பாத்தி இருந்தது. அதன் அருகில் நின்றிருந்த இளம் வழிகாட்டி, ஒரு செடியின் அடியில் இருந்த மண்ணை விரலால் மெல்ல விலக்கிக் காட்டினார். இலைக்காம்புகளின் இடுக்கில், தரைக்கு மிக அருகில், பட்டாணிப் பூவின் வடிவில் மஞ்சள் பூக்கள் இருந்தன. அந்தப் பூ காலையில் விரிந்து, பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே கருவுற்று, அன்றைக்கே வாடிவிடுகிறது. மற்றச் செடிகளில் அதன் பிறகு பூ இருந்த இடத்திலேயே காய் பிடிக்கும்; இங்கேயோ சூலகத்தின் அடிப்பகுதி மெல்லிய காம்பாக நீண்டு, வளைந்து, மண்ணை நோக்கி இறங்குகிறது. அதற்கு விழுது என்று பெயர். ஆலமரத்து விழுதைத்தான் நான் அறிவேன். ஊசி அளவில், இளம் ஊதா நிறத்தில், நுனியில் கருவைச் சுமந்துகொண்டு இறங்கும் விழுதை அன்றுதான் கண்டேன். மண்ணுக்குள் சில சென்டிமீட்டர் சென்று இருட்டை அடைந்த பிறகே அந்த நுனி பக்கவாட்டில் திரும்பிப் பருக்கத் தொடங்குமாம். செடியின் மேல்பகுதியிலிருந்து புறப்பட்டு மண்ணைத் தொட முடியாமல் போனவை காயாகாமலேயே கருகிவிடுகின்றன. அப்படிக் கருகி நின்ற இரண்டையும் அவர் காட்டினார். காய் தனக்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்தைப் பெரும்பாலும் தன் ஓட்டின் வழியாகவே சுற்றியுள்ள மண்ணிலிருந்து உறிஞ்சிக்கொள்கிறது என்பதால்தான், பூத்த பிறகு செடியின் அடியில் ஜிப்சம் இட்டு மண் அணைக்கிறார்கள் என்பதும் எனக்குப் புதிய செய்தி. வேரைத் தேடிப் பார்த்தேன். அதில் நைட்ரஜனைப் பிடித்து வைக்கும் சிறு முடிச்சுகள்தான் இருந்தனவே தவிர ஒரு கடலைகூட இல்லை. ஆகவே மகளே, வேர்க்கடலை என்ற பெயர் தவறு, நிலக்கடலை என்ற பெயரே சரி. நீ வரைந்த படத்தில் இருந்த பிழை உன்னுடையது அன்று, என்னுடையது.

அந்தப் பாத்தியை விட்டு நகர்ந்த பிறகு, நம் மொழி எங்கே சரியாகச் சொல்லியிருக்கிறது, எங்கே ஏமாற்றியிருக்கிறது என்று ஒவ்வொரு செடியின் முன்னும் சரிபார்ப்பதே அன்று எனக்கு வேலையாகிவிட்டது. முந்திரி மரத்தின் முன் உன் அம்மா சிரித்துவிட்டாள். பெரியவர்கள் பேசும்போது நீ குறுக்கே புகுந்தால், "முந்திரிக்கொட்டை போல முந்திக்கொண்டு வராதே" என்று அவள் அதட்டுவாள் அல்லவா? கொட்டை பழத்துக்கு வெளியே துருத்திக்கொண்டிருப்பதால் அப்படிச் சொல்கிறார்கள் என்றுதான் நானும் எண்ணியிருந்தேன். உண்மையில் அது வருவதிலும் முந்திக்கொள்கிறது. முதலில் கொட்டைதான் முழு அளவுக்கு வளர்கிறது. அதற்குப் பிறகே அதைத் தாங்கும் காம்பு பருத்துச் சாறு நிறைந்து, நாம் பழம் என்று அழைக்கும் வடிவத்தை அடைகிறது. தாவரவியலின்படி கொட்டையே கனி, பழம் என்பது வெறும் காம்பு. பிரேசிலைச் சேர்ந்த இந்த மரத்தைப் பதினாறாம் நூற்றாண்டில் போர்ச்சுகீசியர்கள் கடல் கடந்து கொண்டுவந்தார்கள் என்பதால் அந்த வசவுக்கு ஐந்நூறு வயதுக்கு மேல் இருக்க முடியாது. அதற்குள் நம்மவர்கள் மரத்தை எவ்வளவு உன்னிப்பாகப் பார்த்திருக்கிறார்கள் பார்.

அத்தியைப் பற்றிய சொல்லோ இன்னும் பழையது. நீ வீட்டுக்குக் கடிதம் எழுதுவது அத்தி பூத்தாற்போல என்று உன் அம்மா குறைப்பட்டுக்கொள்கிறாள். அதை உனக்கு எழுதும்படி சொன்னவளும் அவளே. ஆனால் அத்தி பூக்காத மரம் அன்று. வழிகாட்டி ஓர் இளங்காயைக் கத்தியால் இரண்டாகப் பிளந்து உருப்பெருக்கிக் கண்ணாடியின் கீழே வைத்தார். உட்சுவர் முழுவதும் நூற்றுக்கணக்கான சிறு பூக்கள் நடுவை நோக்கி நெருக்கமாக நின்றன. நாம் காய் என்று கருதுவது உண்மையில் உள்பக்கமாக மடிந்த ஒரு பூங்கொத்து. நுனியில் இருக்கும் ஊசித்துளை வழியாக ஒரு வகைக் குளவி, தன் சிறகுகள் பிய்ந்துபோகும் அளவுக்கு நெருக்கிக்கொண்டு உள்ளே நுழைந்து, முட்டையிடும்போதே மகரந்தத்தையும் சேர்த்துவிடுகிறது. அத்திப்பழத்தைப் பிட்டால் உள்ளே பூச்சி என்று சொல்வதும் இதனால்தான். தோட்டங்களில் வளர்க்கும் சீமை அத்தியில் பல வகைகள் குளவியே இல்லாமல் காய்க்கின்றன என்று கேட்ட பிறகுதான் உன் அம்மா அடுத்த மேசையில் வைத்திருந்த அத்திப்பழத் துண்டைக் கையில் எடுத்தாள்.

கண்ணாடிக் கூடத்துக்குள் நுழைந்ததும் மூக்குக்கண்ணாடியில் நீராவி படிந்து எனக்குச் சிறிது நேரம் எதுவும் தெரியவில்லை. துடைத்துவிட்டுப் பார்த்தால் எதிரே கோகோ மரம். பலாவைப் போலவே இதுவும் அடிமரத்திலேயே காய்க்கிறது. கிளை நுனியில் தேடிக்கொண்டிருந்தவர்களின் முழங்கால் உயரத்தில் ஒரு மஞ்சள் காய் ஒட்டிக்கொண்டிருந்தது. 1753இல் இதற்குப் பெயரிட்ட தாவரவியலாளர் லின்னேயஸ், தேவர்களின் உணவு என்று பொருள்படும் 'தியோபுரோமா' என்ற பெயரைச் சூட்டினார். காயைப் பிளந்து, விதையைச் சுற்றியிருக்கும் வெண்ணிறச் சதையைச் சுவைக்கக் கொடுத்தார்கள். இனிப்பும் புளிப்புமாக நன்றாகத்தான் இருந்தது. உன் அம்மா அதோடு நிற்காமல் விதையையும் கடித்துவிட்டு, தேவர்களுக்கு நாக்கே கிடையாதா என்று கேட்டாள். சில நாட்கள் குவித்து வைத்துப் புளிக்கவிட்டு, உலர்த்தி, வறுத்த பிறகே அந்த விதையில் சாக்லேட்டின் மணம் பிறக்கும்.

அதற்கு அடுத்ததாக இருந்த வனிலாக் கொடியின் முன்தான் நாங்கள் வெகுநேரம் நின்றோம். அது ஆர்க்கிட் குடும்பத்தைச் சேர்ந்தது. பூ ஒரே ஒரு நாள் காலையில் மட்டும் விரிந்திருக்கும். அதற்குள் மகரந்தம் சேராவிட்டால் உதிர்ந்துவிடும். மகரந்தத்துக்கும் அதை ஏற்கும் சூல்முடிக்கும் நடுவில் ஒரு மெல்லிய சவ்வு திரைபோலத் தொங்குகிறது. அதைத் தாண்டி மகரந்தம் சேர்க்கும் பூச்சிகள் வேறெங்கும் இல்லாததால், தாயகமான மெக்சிகோவை விட்டு வெளியே கொண்டுசெல்லப்பட்ட கொடிகள் பூத்தனவே தவிரக் காய்க்கவில்லை. 1836இல் பெல்ஜியத்தின் லியேஜ் நகரில் சார்ல் மோரன் என்ற தாவரவியலாளர் கண்ணாடிக் கூடத்தில் வளர்ந்த கொடியில் கையால் மகரந்தம் சேர்த்துக் காய்க்க வைத்தார். ஆனால் உலகம் இன்றுவரை பின்பற்றுவது அவருடைய முறையை அன்று. இந்தியப் பெருங்கடலில் உள்ள ரெயூனியன் தீவில் அடிமையாகப் பிறந்த எட்மண்ட் ஆல்பியஸ் என்ற சிறுவன், 1841இல், தன் பன்னிரண்டாம் வயதில், ஒரு சிறு குச்சியையும் கட்டைவிரலையும் மட்டும் கொண்டு கண்டுபிடித்த முறை அது. பூசணிக் குடும்பத்துப் பூக்களில் கையால் மகரந்தம் சேர்க்க அவனுக்கு முதலாளி கற்றுக்கொடுத்திருந்தார். வனிலாவில் அதை எப்படிச் செய்வது என்பதை அவன்தான் முதலாளிக்குக் கற்றுக்கொடுத்தான். அந்தத் தீவின் தோட்டக்காரர்கள் அதனால் செல்வர்களானார்கள். 1848இல் விடுதலை பெற்ற அவர் 1880இல் வறுமையில் இறந்தார். தகவல் பலகையில் இது நான்கே வரிகளில் இருந்தது. நான் அதை இரண்டு முறை படித்தேன்.

அன்று விரிந்திருந்த மூன்று பூக்களில் இரண்டைப் பார்வையாளர்களின் கையிலேயே கொடுத்துவிட்டார்கள். முதலில் நான் முயன்றேன். பூவின் உதட்டைக் கிழித்து, குச்சியால் அந்தச் சவ்வை மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு, மஞ்சள் மகரந்தத் திரளைக் கட்டைவிரலால் அழுத்த வேண்டும். என் கை நடுங்கியதில் சவ்வே அறுந்துபோயிற்று. ஒரு காயின் வாழ்வு என் விரலில் முடிந்தது என்று நான் சங்கடப்பட்டுக்கொண்டிருக்கையில், ஊசியில் நூல் கோத்துப் பழகிய உன் அம்மா, இரண்டாவது பூவில் ஒரே மூச்சில் செய்து முடித்தாள். வழிகாட்டி அந்தக் காம்பில் ஒரு சிவப்பு நூலைக் கட்டினார். காய் முதிர ஏறத்தாழ ஒன்பது மாதங்கள் ஆகும் என்று அவர் சொன்னதும், உன் அம்மா அதைத் தன் கைப்பேசி நாட்காட்டியில் குறித்துக்கொண்டாள்.

மற்றவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். கருமிளகும் வெண்மிளகும் ஒரே கொடியின் காய்கள். பச்சையாகப் பறித்து உலர்த்தினால் கறுப்பு, பழுத்ததை ஊறவைத்துத் தோலை நீக்கினால் வெள்ளை. மிளகாய் அமெரிக்கக் கண்டத்துச் செடி; மிளகைப் போல் உறைக்கும் காய் என்று நம்மவர்கள் இட்ட பெயரே அது பின்னால் வந்த விருந்தாளி என்பதைக் காட்டிக்கொடுத்துவிடுகிறது. முட்டைக்கோஸ், காலிஃபிளவர், ப்ரோக்கோலி, நூல்கோல் நான்கும் ஒரே இனத்துச் செடிகள் என்பதை மட்டும் உன் அம்மா இன்னும் நம்பவில்லை.

வெளிவாசலுக்கு அருகில் விதை பரிமாறிக்கொள்ளும் மேசை இருந்தது. அதன் பின்னால் இருந்த பெரியவர் எனக்கு நிலக்கடலை விதைகள் வேண்டும் என்று தெரிந்ததும் ஒரு செய்தியைச் சொன்னார். இரண்டாம் உலகப் போரில், 1941 முதல் 1944 வரை ரஷ்யாவின் லெனின்கிராடு நகரம் முற்றுகையில் சிக்கியிருந்தபோது, அந்நாட்டுத் தாவரவியலாளர் நிகோலாய் வவிலோவ் உலகெங்கும் திரிந்து சேர்த்த விதைகளை அங்கிருந்த நிறுவனத்தில் காத்துவந்த அறிவியலாளர்கள், மூட்டை மூட்டையாகத் தானியம் கையருகே இருந்தும் அதைத் தொடாமல் பட்டினியால் ஒருவர் பின் ஒருவராக இறந்தார்கள். அவர்களுள் ஒருவர் நிலக்கடலை ஆய்வாளர். வவிலோவும் 1943இல் அவருடைய நாட்டுச் சிறை ஒன்றிலேயே இறந்தார். பெரியவர் இதைச் சொல்லிக்கொண்டே நான்கு விதைகளை எண்ணித் தாளில் மடித்து என் கையில் வைத்தார். கொறிப்பதற்கு நான் எத்தனையோ முறை வாங்கியிருக்கிறேன். நான்கே நான்கை இவ்வளவு பத்திரமாகச் சட்டைப் பைக்குள் வைத்தது அன்றுதான்.

மறுநாளே அவற்றை மாடியில் உள்ள அகலத் தொட்டியில் மணல் கலந்த மண்ணில் விதைத்தேன். மூன்று முளைத்துவிட்டன, நான்காவதை எறும்பு கொண்டுபோய்விட்டது என்று நினைக்கிறேன். ஒரு மாதத்தில் பூக்கும். விழுது இறங்கும்போது படம் எடுத்து அனுப்புகிறேன், உன் பழைய படத்தில் அதைப் பார்த்துத் திருத்திக்கொள்ளலாம். அந்த நோட்டு இன்னும் இரும்புப் பெட்டியில்தான் இருக்கிறது. இது கொத்து வகை என்பதால் ஏறத்தாழ 105 நாட்களில் பறித்துவிட வேண்டும். மூன்றில் ஒரு செடியை உனக்காகப் பிடுங்காமல் வைத்திருக்கிறேன். உன் விடுப்பை அதற்கு ஏற்றாற்போல் கேட்டுப் பார். இந்த வகைக்கு விதை உறக்கம் கிடையாதாம். நாள் கடந்தால் காய்கள் மண்ணுக்குள்ளேயே முளைத்துவிடும்.

அன்புடன்,
உன் அப்பா