குப்பை வண்டிகளின் பேட்டரி ஏன் சீக்கிரம் போகிறது?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

2025 ஜூன் 30 அன்று சென்னை வியாசர்பாடி பணிமனையிலிருந்து 120 மின்சாரப் பேருந்துகள் கிளம்பியதைப் பற்றி நிறையவே எழுதியாகிவிட்டது. அதற்கு வெகு முன்பே பேட்டரிக்கு மாறிய அரசு வண்டிகள் உண்டு: வீடு வீடாகக் குப்பை வாங்கப் போகும் மூன்று சக்கர வண்டிகள். கிராம ஊராட்சி முதல் மாநகராட்சி வரை வாங்கியிருக்கிறார்கள். அவற்றில் பல இன்று அலுவலகத்துக்குப் பின்னால் டயர் இறங்கி, செடி முளைத்து நிற்கின்றன. கேட்டால் ஒரே பதில்: "பேட்டரி போயிடுச்சு." பேட்டரி எப்படிப் போனது என்று யாரும் கேட்பதில்லை. பெரும்பாலும் இரண்டு காரணங்கள்தான்: முழுசாக சார்ஜ் ஏறவில்லை, தண்ணீர் ஊற்றவில்லை.

இந்த வண்டிகளில் பெரும்பாலானவை 48 வோல்ட். 12 வோல்ட் லெட் ஆசிட் பேட்டரி நான்கைத் தொடராக இணைத்திருப்பார்கள். ஒவ்வொன்றின் கொள்திறன் 100 முதல் 130 ஆம்பியர் ஹவர். ஒரு பேட்டரிக்கு ஆறு செல் வீதம் மொத்தம் 24 செல், 24 மூடி. வண்டிக்குப் பொறுப்பானவர் வாரம் ஒரு முறை இந்த 24 மூடியையும் திறந்து பார்க்க வேண்டும். உள்ளே இருக்கும் ஈயத் தட்டு தண்ணீருக்கு வெளியே தெரிந்தால் அந்த அளவுக்கு செல் காய்ந்திருக்கிறது. காய்ந்த பகுதி மறுபடி உயிர் பெறாது. ஊற்ற வேண்டியது டிஸ்டில்ட் வாட்டர் மட்டுமே. குழாய்த் தண்ணீரும் ஆர்.ஓ. தண்ணீரும் ஆகாது, அவற்றிலுள்ள குளோரைடும் இரும்பும் தட்டை அரிக்கும். "பவர் குறையுது" என்று ஆசிட் ஊற்றுவது அதைவிட மோசம். சார்ஜ் ஏறி முடிந்த பிறகுதான் நிரப்ப வேண்டும். முன்பே நிரப்பினால் சார்ஜ் ஏறும்போது பொங்கி வழிந்து, ஆசிட்டும் சேர்ந்து வெளியேறும். தட்டு வெளியே தெரிந்தால் மட்டும் அது மூழ்கும் அளவுக்கு முதலில் ஊற்றலாம். ஐந்து லிட்டர் கேன் ஒன்றுக்கு ஆகும் செலவு அலுவலகத்தின் டீச் செலவுக்குள் அடங்கிவிடும். ஆனால் அதை எந்தத் தலைப்பில் எழுதுவது என்று தெரியாமல் கேன் வாங்கப்படுவதே இல்லை.

சார்ஜ் விஷயம் இன்னும் சிக்கல். காலையில் ஆறு மணிக்குக் கிளம்பும் வண்டி மதியம் ஒரு மணி வாக்கில் திரும்பும். 15 ஆம்பியர் சார்ஜரில் முழுசாக ஏற எட்டிலிருந்து பத்து மணி நேரம் ஆகும். மாலை ஆறு மணிக்கு அலுவலகத்தைப் பூட்டுகிறவர் வழக்கம்போல மெயின் சுவிட்சையும் அணைத்துவிட்டுப் போனால் ஐந்து மணி நேரம்தான் ஏறியிருக்கும். மறுநாள் வண்டி ஓடத்தான் செய்யும். அதனால் யாருக்கும் சந்தேகம் வராது. ஆனால் லெட் ஆசிட் பேட்டரிக்குக் கடைசி இரண்டு, மூன்று மணி நேர சார்ஜ்தான் மருந்து. அப்போதுதான் செல்லுக்குள் குமிழி எழும்பி, அடியில் தங்கிய அடர்ந்த ஆசிட் மேலே கலக்கும். வண்டி ஓடும்போது தட்டில் படிந்த சல்பேட்டும் கரையும். தினமும் அந்தக் கட்டத்துக்கு முன்பே மின்சாரம் நின்றால் சல்பேட் இறுகிக் கல்லாகிவிடும். சில வருடம் உழைக்க வேண்டிய பேட்டரி சீக்கிரமே படுத்துவிடும். வண்டிகளுக்கென்று தனி லைன், தனி எம்.சி.பி. (மின்னோட்டம் மிகுந்தால் தானே அணையும் சுவிட்ச்), வண்டிக்கு ஒன்றாக 16 ஆம்பியர் பிளக், சரியான எர்த் இருந்தால் பாதிப் பிரச்சினை தீரும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் மூன்று வண்டியைச் செருகினால் முதலில் வயர் சூடாகும், அப்புறம் பிளக் உருகும். சார்ஜ் போடும் இடம் மேலே கூரையும் பக்கங்களில் திறப்பும் உள்ள கொட்டகையாக இருக்க வேண்டும். ஏறும் பேட்டரியிலிருந்து தீப்பிடிக்கும் ஹைட்ரஜன் வாயு வரும் என்பதால் பூட்டிய ஸ்டோர் ரூமில் சார்ஜ் போடவே கூடாது.

நான்கில் ஒன்று பழுதானால் அதை மட்டும் புதிதாக மாற்றுவது பரவலாக நடக்கும் இன்னொரு தவறு. தொடர் இணைப்பில் நான்குக்கும் ஒரே மின்னோட்டம்தான். பழைய மூன்றும் சீக்கிரம் காலியாகும். சார்ஜ் போட்டால் சீக்கிரம் நிரம்பியதுபோல் காட்டும். சார்ஜர் மொத்த வோல்ட்டைப் பார்த்துக் குறைத்துக்கொள்ள, புதியது அரைவயிற்றோடே கிடக்கும். சில மாதத்தில் அதுவும் பழையதாகிவிடும். மாற்றினால் நான்கையும் சேர்த்து மாற்ற வேண்டும். கழற்றியவற்றில் தேறுபவற்றை ஒரே வயதுக்காரர்களாகச் சேர்த்து இன்னொரு வண்டிக்கு ஒரு செட் அமைக்கலாம்.

எந்தப் பேட்டரி கெட்டது என்று கண்டுபிடிக்க பொறியாளர் வர வேண்டியதில்லை. முழு சார்ஜ் போட்டு ஒரு மணி நேரம் விட்டு, பாரம் ஏற்றி வண்டியை ஓட்டும்போது ஒவ்வொரு பேட்டரியையும் மல்டிமீட்டரால் தனித்தனியாகப் பாருங்கள். மூன்று 12 வோல்ட்டுக்குப் பக்கத்தில் நிற்க, ஒன்று மட்டும் 10.5-க்குக் கீழே விழுந்தால் குற்றவாளி அதுதான். ஆசிட்டின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டர் இருந்தால் இன்னும் தெளிவு: முழு சார்ஜில் 1.240 முதல் 1.280 வரை, பேட்டரிக்குப் பேட்டரி மாறும். ஒரே பேட்டரியில் ஒரு செல் மட்டும் மற்றவற்றைவிட 0.050-க்கு மேல் குறைந்தால் அந்த செல் போய்விட்டது என்று அர்த்தம்.

பேட்டரி நன்றாக இருந்தும் வண்டி இழுக்காவிட்டால் பின்சக்கரத்தை ஜாக்கியில் தூக்கிக் கையால் சுற்றிப் பார்க்க வேண்டும். பிரேக் ஷூ ஒட்டிக்கொண்டிருந்தால் சார்ஜில் கணிசமான பங்கு அங்கேயே போய்விடும். வண்டியை ஹோஸ் வைத்துக் கழுவுவதும் கேடு. குப்பைச்சாறும் தண்ணீரும் மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும், சீட்டுக்கு அடியிலுள்ள கன்ட்ரோலரின் கனெக்டரில் இறங்கினால் பின்கள் பச்சை பூத்து, வண்டி நின்று நின்று போகும். அதற்கும் "பேட்டரி" என்றே பெயர் வைப்பார்கள்.

பாரத்தையும் கவனிக்க வேண்டும். 2014-ல் வந்த மத்திய மோட்டார் வாகன விதித் திருத்தத்தில் இ-கார்ட்டுக்கு (சரக்கு ஏற்றும் மூன்று சக்கர மின் வண்டி) சரக்கு அளவு 310 கிலோ, வேகம் மணிக்கு 25 கிலோமீட்டர். டெண்டரில் பெட்டியின் கொள்ளளவை மட்டும் எழுதிவிடுகிறார்கள். ஈரக் குப்பை கலந்த ஒரு கன மீட்டரே 400 கிலோவைத் தாண்டும். மழைநாளில் கேட்கவே வேண்டாம். பெட்டி நிறைந்ததும் கும்பாரமாக இன்னும் கொஞ்சம் ஏற்றினால், வீட்டுக்கு வீடு நின்று கிளம்பும் ஒவ்வொரு முறையும் பேட்டரியிலிருந்து ஓடும்போது இழுப்பதைப்போல் இரு மடங்குக்கு மேல் ஆம்பியர் போகும். இதற்குத் தூய்மைப் பணியாளர்களைக் குறை சொல்வது நியாயமில்லை. சாவியைக் கொடுத்தவர்கள் பேட்டரியைப் பற்றி அவர்களுக்கு அரை மணி நேரம்கூடச் சொல்லித்தரவில்லை.

மூலத் தவறு வாங்கும் முறையில் இருக்கிறது. வண்டி வாங்கத் திட்ட நிதி வருகிறது. பேட்டரி மாற்றும் செலவு உள்ளாட்சியின் பொது நிதியில் விழுகிறது. அங்கே பணம் இல்லை. மாநகரப் போக்குவரத்துக் கழகத்தின் மின்சாரப் பேருந்துகளில் வண்டியையும் பேட்டரியையும் பராமரிப்பது ஒப்பந்த நிறுவனத்தின் பொறுப்பு. கழகம் ஓடிய கிலோமீட்டருக்குப் பணம் தருகிறது. பேட்டரியைப் பட்டினி போட்டால் நஷ்டம் ஒப்பந்ததாரருக்கு. குப்பை வண்டிக்கும் இதே வழி பொருந்தும். ஒரு பேரூராட்சிக்குத் தனியாகக் கட்டுப்படியாகாவிட்டாலும், மாவட்ட அளவில் சேர்த்து, ஓடிய நாளுக்கு இவ்வளவு என்று விலை கேட்கலாம். அது முடியாத இடத்தில் விலைப்புள்ளியிலேயே ஐந்து வருடப் பராமரிப்பு, நடுவில் ஒரு முறை முழு பேட்டரி செட், ஐந்து வண்டிக்கு ஒரு உபரி சார்ஜர், 310 கிலோ ஏற்றிய ஓட்டச் சோதனை ஆகியவற்றைச் சேர்த்துக் கேட்க வேண்டும். இப்படிக் கேட்டால் குறைந்த விலைக்காரர் யார் என்பதே மாறலாம்.

லித்தியம் பேட்டரிக்கு மாறுவதில் பலருக்கு ஆர்வம். நல்லதுதான்: தண்ணீர் வேண்டாம், எடை மூன்றில் ஒரு பங்குக்கு அருகில், ஆயுளும் பல மடங்கு. ஆனால் பழைய சார்ஜரையே செருகக் கூடாது. 16 செல் கொண்ட 51.2 வோல்ட் லித்தியம் ஃபெரோ பாஸ்பேட் பேக்கின் முழு சார்ஜ் 58.4 வோல்ட், அதற்கென்று வரும் சார்ஜர்தான் போட வேண்டும். லெட் ஆசிட் சார்ஜரில் சல்பேட் கரைக்கும் உயர் வோல்ட் கட்டம் இருந்தால் பேக்குக்குள் இருக்கும் பி.எம்.எஸ். என்ற பாதுகாப்பு மின்சுற்று துண்டித்துக்கொள்ளும், வண்டி செத்ததாக நினைத்து ஓரங்கட்டிவிடுவார்கள். மின் வாகன பேட்டரிப் பாதுகாப்புக்கான ஏ.ஐ.எஸ். 156 சோதனைச் சான்று இல்லாத பேக்கை விலை மலிவு என்று வாங்காதீர்கள்.

இப்போது நிற்கும் வண்டிகளை ஏலத்துக்குத் தள்ளும் முன் ஒவ்வொரு பேட்டரியையும் அளந்து பாருங்கள். 11 வோல்ட்டுக்கு மேல் காட்டுபவற்றைக் குறைந்த ஆம்பியரில் தனித்தனியாக ஒரு நாள் முழுக்க ஏற்றினால் சில தேறும். மாதக்கணக்கில் கிடந்து 8, 9 வோல்ட்டில் நிற்பவற்றில் நேரத்தைக் கொட்ட வேண்டாம். அவற்றைக் காயலாங்கடைக்கும் போடக் கூடாது. பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள் 2022-ன்படி பதிவு பெற்ற மறுசுழற்சியாளருக்கோ தயாரிப்பாளரின் சேகரிப்பு மையத்துக்கோதான் போக வேண்டும். உள்ளே இருக்கும் ஈயத்துக்கு நல்ல விலை உண்டு. புதிய செட்டின் பில்லில் அதைக் கழித்துத் தரச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள்.

இப்படிக்கு,
மின் வாகனப் பராமரிப்பாளர்,
நாமக்கல்.