ஏஜியன் கடலில் முதல் தீவுப் பயணம்: மகளுக்கு ஒரு கடிதம்

அன்பு மகள் பிரின்சிக்கு,

நீயும் தோழியும் போகும் கிரீஸ் பயணத்துக்கு நீ அனுப்பிய திட்டத்தை நிதானமாகப் படித்தேன். ஒன்பது நாளில் மைக்கோனோஸ், பாரோஸ், நாக்ஸோஸ், மிலோஸ், சாண்டோரினி, கடைசியில் கிரீட். மொத்தம் ஆறு தீவு. இதில் நாலை வெட்டிவிடும்மா. நாக்ஸோஸும் சாண்டோரினியும் போதும். ஆசையைக் கெடுக்க வேண்டும் என்று சொல்லவில்லை. அந்தக் கடலுக்கு ஒரு குணம் உண்டு, அதற்கு ஏற்றபடி நாள் குறித்தால்தான் லீவு லீவாக இருக்கும்.

முதலில் நேரக் கணக்கு. நாக்ஸோஸிலிருந்து சாண்டோரினிக்கு இரண்டு மணி நேரம்தான் என்று எழுதியிருக்கிறாய். கப்பல் ஓடுவது அவ்வளவு நேரம்தான். ஆனால் காலை 11 மணிக்குள் அறையைக் காலி செய்ய வேண்டும். புறப்பாட்டுக்கு முக்கால் மணி முன்னால் துறைமுகத்தில் நிற்க வேண்டும். கோடையில் கப்பல் அரை மணி, ஒரு மணி தாமதமாக வருவது அங்கே சர்வ சாதாரணம். சாண்டோரினியில் இறங்கினால் மலைமேல் இருக்கும் ஃபிரா ஊருக்குப் பஸ், அங்கிருந்து விடுதிக்கு இன்னொரு பஸ், அறைச் சாவி கையில் கிடைக்க மூன்று மணிக்கு மேல். ஒரு தாவலுக்கு ஒரு பகல் போய்விடும். ஆறு தீவு என்றால் ஐந்து தாவல். ஒன்பது நாளில் ஐந்து பகல் மூட்டை கட்டுவதிலும் அவிழ்ப்பதிலும் போகும்.

இரண்டாவது, கப்பல் தடம். வரைபடத்தில் பக்கத்துப் பக்கத்தில் தெரியும் தீவுகளுக்கு நடுவே கப்பல் ஓடும் என்று நினைத்துவிடாதே. ஏதென்ஸை ஒட்டிய பிரேயஸ் துறைமுகத்திலிருந்து பெரிய கப்பல்கள் தனித்தனித் தடங்களில் போகின்றன. சிரோஸ், டினோஸ், மைக்கோனோஸ் வடக்குத் தடம். பாரோஸ், நாக்ஸோஸ், சாண்டோரினி நடுத் தடம். செரிஃபோஸ், சிஃப்னோஸ், மிலோஸ் மேற்குத் தடம். ஒரே தடத்துக்குள் தினமும் வசதி உண்டு. ஒரு தடத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறப் பெரும்பாலும் அதிவேக இரட்டை உடல் படகுகள்தான்; அவையும் சீசனில் மட்டும். உன் திட்டத்தில் மிலோஸ் அப்படிக் குறுக்கே நிற்கிறது. முதல் பயணத்துக்கு ஒரே தடத்தில் இரண்டு தீவு, மிஞ்சினால் மூன்று.

இனி காற்று. இதைத்தான் நீ முக்கியமாகக் கவனிக்க வேண்டும்.

ஜூலை, ஆகஸ்டில் ஏஜியன் கடலில் வடக்கிலிருந்து மெல்டெமி என்ற காற்று அடிக்கும். நம் கடற்கரைக் கணக்கில் அது வாடை. ஆனால் நம் வாடையைப் போல மழைக்கால மேகத்தோடு வராது. பால்கன் பக்கம் உயரழுத்தம், துருக்கிப் பக்கம் தாழ்வழுத்தம். இரண்டுக்கும் நடுவே ஏஜியன் ஒரு வாய்க்கால் மாதிரி மாட்டிக்கொள்கிறது. துருக்கிமேல் நிற்கும் அந்தத் தாழ்வழுத்தம், நமக்குத் தென்மேற்குப் பருவக்காற்றை இழுத்து வரும் பெரிய வெப்பத் தாழ்வின் மேற்கு வால். தூத்துக்குடியில் ஆடிக்காற்று மண்ணை வாரி இறைக்கும் அதே வாரங்களில் அங்கே மெல்டெமி உச்சத்தில் இருக்கும்.

இதில் ஏமாறுவது எங்கே என்றால், வானம் கண்ணாடி மாதிரி தெளிவாக இருக்கும். வெயில் கொளுத்தும். மேகமே இல்லையே, கப்பல் ஏன் ஓடவில்லை என்று துறைமுகத்தில் கூட்டம் நிற்கும். காற்றின் வலுவைச் சொல்லும் போஃபோர்ட் அளவில் 8-ஐத் தொட்டால், அதாவது மணிக்கு 62 கிலோமீட்டருக்கு மேல் போனால், பெரிய கப்பல்களுக்கே பொதுவாகத் தடை வந்துவிடும். அதிவேகப் படகுகளை அதற்கு முன்பே கட்டிப்போடுவார்கள். ஒரு நாளில் ஓயலாம், ஒரு வாரமும் நீடிக்கலாம். பெரும்பாலும் முற்பகலில் ஏறி, பிற்பகலில் உச்சமாகி, இரவில் தணியும். அதனால் எப்போதும் காலைக் கப்பலாகப் பார்த்து எடு.

தடை வந்தால் சட்டம் என்ன தரும் என்பதையும் தெரிந்துகொள். ஐரோப்பிய ஒன்றியத்தின் 1177/2010 என்ற கடல் பயணிகள் விதிப்படி, கப்பல் ரத்தானாலோ புறப்பாடு 90 நிமிடத்துக்கு மேல் தாமதமானாலோ, வேறு பயணம் அல்லது டிக்கெட் பணம், இரண்டில் ஒன்றைக் கேட்டு வாங்கலாம். தங்க வேண்டி வந்தால் ஓர் இரவுக்கு 80 யூரோ வரை, அதிகபட்சம் மூன்று இரவுக்கு நிறுவனம் தர வேண்டும் என்றும் இருக்கிறது. ஆனால் காரணம் மோசமான வானிலை என்றால் அந்தத் தங்கும் செலவு கிடையாது. காற்றால் சிக்கினால் விடுதிக் காசு உன்னுடையது. தவறவிட்ட விமானத்துக்கும் கப்பல்காரர் பொறுப்பில்லை.

இதிலிருந்து வருவதுதான் நான் உறுதியாகச் சொல்லும் விதி: விமானம் ஏறும் நாளில் கடல் கடக்கவே கூடாது. ஏதென்ஸிலிருந்து திரும்பினால் முந்தின நாள் மாலைக்குள் கரை சேர்ந்திருக்க வேண்டும். அதைவிட நல்ல வழி, ஏதென்ஸில் இறங்கி சாண்டோரினியிலிருந்து விமானம் ஏறுவது. சீசனில் நீ இருக்கும் ஜெர்மனியின் பல ஊர்களுக்கு அங்கிருந்து நேர் விமானம் உண்டு. அப்போது கடல் பயணமெல்லாம் முன்பாதியில் முடிந்துவிடும். நடுவில் ஒரு நாள் கப்பல் நின்றாலும் சாண்டோரினியில் ஓர் இரவு குறையும், அவ்வளவுதான்.

ஜூலைக் கடைசி வாரம் என்று போட்டிருக்கிறாய். முடிந்தால் செப்டம்பர் இரண்டாம் வாரத்துக்கு மாற்று. கோடை முழுக்கச் சூடான கடல் அப்போதும் இதமாகவே இருக்கும், காற்று குறைந்திருக்கும், அறை வாடகையும் இறங்கத் தொடங்கும். லீவு கிடைக்காவிட்டால் ஜூன் முதல் பாதி. தண்ணீர் கொஞ்சம் குளிரும். ஆகஸ்ட் 15-ஐ ஒட்டி மட்டும் வேண்டவே வேண்டாம். அது மாதாவின் பெருவிழா. நம் பனிமய மாதா திருவிழாவுக்குத் தூத்துக்குடி ரயிலில் இடம் கிடைக்காத மாதிரி, அந்த வாரம் கப்பலில் இடம் கிடைக்காது.

என் திட்டம் இது. முதல் நாள் மாலை ஏதென்ஸ் வந்து, பிரேயஸில் துறைமுகத்துக்குப் பக்கத்திலேயே தூக்கம். இரண்டாம் நாள் காலைக் கப்பலில் நாக்ஸோஸ், அங்கே நாலு இரவு. ஆறாம் நாள் சாண்டோரினி, மூன்று இரவு. ஒன்பதாம் நாள் விமானம்.

பிரேயஸில் தூங்கச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நாக்ஸோஸ் போகும் பெரிய கப்பல் காலை ஏழரை மணி வாக்கில் கிளம்பும். 2022 முதல் விமான நிலையத்திலிருந்து பிரேயஸுக்கு நேர் மெட்ரோ இருக்கிறது, சுமார் ஒரு மணி நேரம். ஆனால் அதிகாலையில் அந்த மெட்ரோவை நம்பி இந்தக் கப்பலைப் பிடிக்க முடியாது. இரவில் தாமதமாக இறங்கினால் எக்ஸ்96 பஸ் 24 மணி நேரமும் ஓடும். துறைமுகம் மிகப் பெரியது. வாயில்களுக்கு ஈ1, ஈ2 என்று எண். நடுத் தடக் கப்பல்கள் பெரும்பாலும் மெட்ரோ நிலையத்துக்கு எதிரே உள்ள ஈ6, ஈ7 பக்கம் நிற்கும். ஆனாலும் முந்தின நாள் வரும் குறுஞ்செய்தியில் வாயில் எண்ணைச் சரிபார். தப்பான வாயிலுக்குப் போனால் பெட்டியோடு ஓட வேண்டிவரும்.

எந்தக் கப்பல்? புளூ ஸ்டார் மாதிரி பெரிய சாதாரணக் கப்பலையே எடு. நாக்ஸோஸுக்கு ஐந்து, ஐந்தரை மணி நேரம். அதிவேகப் படகு மூன்றரை, நாலு மணியில் போகும், ஆனால் டிக்கெட் விலை ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. பல படகுகளில் திறந்த தளமே கிடையாது, அலையில் குதிக்கும், காற்று வந்தால் முதலில் நிற்பதும் அதுதான். பெரிய கப்பலில் வெளித் தளத்தில் உட்கார்ந்து தீவுகள் கடந்து போவதைப் பார்க்கலாம். அதுவே பயணத்தில் பாதிச் சந்தோஷம்.

உனக்கு வாந்தி வரும் என்பதால் இதைக் கவனி. டைமென்ஹைட்ரினேட் மாத்திரை ஜெர்மன் மருந்துக்கடையில் வோமெக்ஸ் என்ற பெயரில் சீட்டு இல்லாமலே கிடைக்கும். புறப்பட அரை மணி, ஒரு மணி முன்னால் போட வேண்டும். ஆட ஆரம்பித்த பிறகு போட்டால் பயன் குறைவு. தூக்கம் வரும், பீர் கூடாது. கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த் தளத்தில் ஆட்டம் குறைவு. போனைப் பார்க்காமல் தொடுவானத்தைப் பார். வெறும் வயிறும் வேண்டாம். உப்பு பிஸ்கட், ரொட்டி போதும்.

ஏறி இறங்கும் முறையும் புதிதாக இருக்கும். கப்பல் பின்பக்கமாக வந்து கரையில் ஒட்டி, சரிவுக் கதவை இறக்கும். லாரிகளோடு சேர்ந்துதான் நீயும் உள்ளே நடப்பாய். வண்டி நிற்கும் கீழ்த் தளத்தில் பெட்டி வைக்கத் தட்டுகள் இருக்கும், ஒவ்வொன்றிலும் தீவின் பெயர். உன் தீவின் தட்டில் வை. பாஸ்போர்ட், மருந்து, பணம் உன்னோடு மேலே. இடைத் தீவுகளில் கப்பல் ஐந்து, பத்து நிமிடம்தான் நிற்கும். அறிவிப்பு வந்ததுமே கீழே இறங்கித் தயாராக நில்லுங்கள். கதவு திறந்த பிறகு மாடியிலிருந்து கிளம்பினால் அடுத்த தீவுக்குப் போய்விடுவீர்கள். சாண்டோரினிக்குப் பலகையிலும் அட்டவணையிலும் தீரா என்றே இருக்கும், குழம்பாதே. உருட்டுப் பெட்டி வேண்டாம், முதுகுப் பைதான் சரி. அந்த ஊர்களில் படியும் கல் பாவிய சந்தும்தான்.

நாக்ஸோஸில் நாலு இரவு எதற்கு என்பாய். சிக்ளடீஸ் என்ற அந்தத் தீவுக் கூட்டத்திலேயே பெரியது அதுதான். சொந்த விவசாயம் உள்ள ஊர், உருளைக்கிழங்கும் கிராவியெரா பாலாடைக் கட்டியும் பேர் பெற்றவை, சாப்பாட்டு விலையும் சாண்டோரினியைவிடக் குறைவு. கப்பல் நுழையும்போதே போர்ட்டாரா தெரியும். கிறிஸ்துவுக்கு முன் ஆறாம் நூற்றாண்டில் தொடங்கி முடிக்காமல் விட்ட கோயிலின் பளிங்கு வாசல். நீச்சல் அரைகுறை என்பதால் முதலில் ஊரை ஒட்டிய அகியோஸ் யோர்கியோஸ் கடற்கரைக்குப் போங்கள், ஆழம் மெல்லத்தான் கூடும். பிறகு பஸ்ஸில் அகியோஸ் புரோகோபியோஸ், பிளாக்கா. ஒரு நாள் மலைக் கிராமங்கள்: ஹால்கி, அபைராந்தோஸ். கடைசிப் பஸ் நேரத்தைப் போகும்போதே போட்டோ எடுத்து வைத்துக்கொள். வடக்குக் காற்று பலமான நாளில் தெற்குப் பார்த்த கரையில் குளி. நாலு சக்கர மோட்டார் பைக் வாடகைக்குக் கிடைக்கும், தயவுசெய்து எடுக்காதே. சரளை விழுந்த வளைவில் அது சுலபமாகக் கவிழும்.

சாண்டோரினியில் எரிமலை விளிம்பில் அறை எடுத்தால் காசு கரையும். ஃபிராவிலோ கமாரி, பெரிஸ்ஸா கடற்கரைகளிலோ தங்குங்கள். பஸ்கள் எல்லாம் ஃபிராவில்தான் மாறும். பெரிய சுற்றுலாக் கப்பல்களின் கூட்டம் பகல் முழுக்க ஃபிராவையும் ஓயாவையும் நெருக்கும். அங்கெல்லாம் விடியற்காலையில் போய்விடு. ஃபிராவிலிருந்து ஓயாவுக்கு விளிம்பு வழியே சுமார் 10 கிலோமீட்டர் நடை, மூன்று நாலு மணி நேரம், நிழலே கிடையாது, ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர். உச்சி வெயில் நேரத்துக்கு அக்ரோத்திரி: எரிமலைச் சாம்பலில் புதைந்த வெண்கலக் கால ஊர், மேலே கூரை போட்டிருக்கிறார்கள். கருமணல் கடற்கரையில் பகலில் செருப்பில்லாமல் கால் வைக்க முடியாது. குழாய்த் தண்ணீரைக் குடிக்காதே. கழிவறைக் காகிதத்தைப் பக்கத்துக் கூடையில்தான் போட வேண்டும். குழாய்கள் ஒடுக்கமானவை, அடைத்துக்கொள்ளும்.

உன் தோழி சைவம் என்றாய். பயப்பட ஒன்றுமில்லை. சாண்டோரினி ஃபாவா நம் பருப்பு மசியலுக்கு அக்கா மாதிரி. பெரிய வெள்ளை பீன்ஸ் யிகான்டெஸ், வேகவைத்த கீரை ஹோர்டா, அரிசி அடைத்த தக்காளி யெமிஸ்டா. யெமிஸ்டாவில் சிலர் கொத்துக்கறியும் சேர்ப்பார்கள், கேட்டுவிட்டு வாங்கச் சொல். நோன்புச் சாப்பாடு என்று பொருள்படும் நிஸ்டீசிமோ என்ற சொல் உதவும். இறைச்சி, முட்டை, பால் இருக்காது. ஆனால் இறாலும் கணவாயும் நோன்பில் அனுமதி, அதையும் சொல்லிக் கேட்க வேண்டும்.

ஜெர்மன் வதிவிட அட்டை இருப்பதால் தனி விசா தேவையில்லை. அட்டையும் பாஸ்போர்ட்டும் இரண்டும் கையில் இருக்கட்டும். டிக்கெட்டில் பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே இருக்க வேண்டும். மருத்துவக் காப்பீட்டு அட்டையின் பின்பக்கம் ஐரோப்பிய அட்டை, அது கிரீஸிலும் செல்லும். அவசரத்துக்கு 112. விடுதிக் கட்டணத்துக்கு மேல் ஓர் இரவுக்கு ஓர் அறைக்கு ஒரு வரி உண்டு. 2025 கோடையில் மூன்று நட்சத்திர விடுதிக்கு 5 யூரோ, நாலு நட்சத்திரத்துக்கு 10. அங்கே போய்த்தான் கட்டச் சொல்வார்கள்.

புறப்படும் மூன்று நாளுக்கு முன்பிருந்து காற்றைப் பார். கிரேக்கக் கடல் ஆய்வு மையத்தின் பொசைடன் முன்னறிவிப்பு நம்பகமானது. போஃபோர்ட் 7 என்று காட்டினால் காலைக் கப்பலுக்கு மாற்று, அல்லது ஒரு நாள் முன்பே கடந்துவிடு. கப்பல் எங்கே வருகிறது என்று மரீன் டிராஃபிக் இணையதளத்தில் தெரியும். வெயிலில் துறையில் காத்துக் கிடக்க வேண்டாம்.

விமானத்தை முதலில் போடு, அடுத்து கப்பல், விடுதி கடைசியில். அதுவும் இலவசமாக ரத்து செய்யக்கூடிய அறையாகப் பார். தேதி முடிவானதும் கப்பல் டிக்கெட்டை எனக்கு அனுப்பு, பணம் கட்டும் முன் ஒரு முறை பார்த்துவிடுகிறேன். அம்மா ஊறுகாய் அனுப்பலாமா என்று கேட்கிறாள்.

அன்புடன்,
அப்பா